பட்டாளச் செலவு

வெஸ்ட்ஃபாலியாவின் வடகிழக்கில், ஊசியிலைக் காடும் மணல்வெளியும் சந்திக்கும் இடத்தில் அந்தப் பிரித்தானியப் படைமுகாம் இருந்தது. உலகப் போர் முடிந்த ஆண்டு வந்திறங்கியவர்கள் திரும்பிப் போகவில்லை. போகப்போகிறார்கள் என்னும் பேச்சு மட்டும் இருபது ஆண்டுகளாய் இருந்துவந்தது. அப்பேச்சு எழும்போதெல்லாம் ஊரிலுள்ள ரொட்டிக் கடைக்காரரும் முடிதிருத்துபவரும் கவலைப்பட்டனர். முகாமின் மதிலுக்கு எதிரே மூன்றாம் மாடியில் குடியிருந்த யோகம் ஒருத்திதான் அது மெய்யாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவர் கதிர்காமநாதன் அம்முகாமின் சமையற்கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். அகதியாய் வந்த புதிதில் கிடாரம் கழுவச் சேர்ந்தவர், அறுபத்தொரு வயதில் இரண்டாம் சமையற்காரராய் இருந்தார். காலை நான்கரை மணிக்கு அவருக்கு வேலை தொடங்கும். கொதிகலனை மூட்டுவது, தக்காளிக் குழம்பில் ஊறிய அவரை விதையைச் சூடாக்குவது, தட்டுத் தட்டாக முட்டை பொரிப்பது, உருளைக்கிழங்கு உரிக்கும் இயந்திரத்தின் தொண்டையில் சிக்கிய தோலைக் கைவிட்டு எடுப்பது என்று பகல் இரண்டரை வரை நிற்க நேரமிராது. வெள்ளிக்கிழமைகளில் கறிச்சோறு. இந்தியாவிலும் இலங்கையிலும் நின்ற நாளில் அந்தப் பட்டாளம் பழகிக்கொண்ட வழக்கம் அது. ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு உறைப்பில்லாத ஒரு கிடாரமும், பிஜித் தீவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த சிப்பாய்களுக்கு நல்ல உறைப்பாக ஒரு கிடாரமும் அவர் இறக்குவார். இரண்டாவதை எவரும் கேட்டுச் செய்யவில்லை, அவராகவே தொடங்கியது.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்து ஆமிக்குச் சமைக்கிறார் என்ர மனுசன்" என்று யோகம் தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பதுண்டு. முன்னர் அதை நேரிலேயே சொல்லிச் சிரிக்க ஆள்கள் இருந்தனர். ஒரு காலத்தில் அந்தச் சிறு நகரத்தில் பதினொரு யாழ்ப்பாணக் குடும்பங்கள் இருந்தன. கோயிலையும் கடையையும் உறவையும் தேடி ஒவ்வொன்றாக டோர்ட்மண்டுக்கும் கெல்சென்கிர்ச்சனுக்கும் பெயர்ந்தன. கடைசியாக யாகோப்புவின் குடும்பம் போய் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

அதன்பின் பகலில் யோகத்துக்குத் தமிழ் பேச ஒருவருமில்லை. கணவர் மூன்று மணிக்கு வந்து, உண்டு, உறங்கிவிடுவார். கடையில் ஒரு 'டங்க', பேருந்தில் ஒரு 'டங்க', மருந்தகத்தில் ஒரு 'டங்க' என்று, நன்றி சொல்லும் அந்த ஒற்றை ஜெர்மன் சொல்லோடு அவளுடைய நாள் முடிந்துவிடும். பயிற்சித் திடலில் பீரங்கி வெடித்தால் கண்ணாடி அலுமாரியிலுள்ள கோப்பைகள் கிணுகிணுக்கும். முதற் பத்தாண்டுகள் அந்த ஓசைக்கு அவள் நெஞ்சு பதைத்தது. பிறகு பழகிற்று. பிறகு, வெடியோசை இல்லாத நாள்கள்தாம் அவளுக்கு நீண்டன.

மகள் தக்சாயினி டோர்ட்மண்டில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்த்தாள். அவள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டறை வீடு ஒன்று காலியாகவிருந்தது. பக்கத்து வீட்டிலும் மேல்வீட்டிலும் தமிழ்க் குடும்பங்கள். வீட்டுக்காரர் ஜனவரி முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"அப்பா என்ன சொல்லுறார்?" என்று மகள் கேட்டாள்.

"காம்ப் மூடினால் வாறனாம்."

"அம்மா, நான் பள்ளிக்கூடம் போகேக்கையும் அவங்கள் மூடிக்கொண்டுதான் இருந்தவங்கள்."

நவம்பர் மாதத்தின் இரண்டாம் கிழமையில் மேஜர் பெல்லமி சமையற்கூடத்தினர் அனைவரையும் உணவு மண்டபத்தில் அமரச்செய்து பேசினார். இலண்டன் இனி இவ்வளவு செலவழிக்க ஆயத்தமாயில்லை. செலவைப் பெருமளவு குறைக்க வழி பிறக்காவிடின் சமையற்கூடமும் அதனைச் சார்ந்த இரண்டு விடுதிகளும் கோடைக்குள் மூடப்படும். பணியாளர் அனைவருக்கும் உரிய தொகை கொடுத்து விடையளிக்கப்படும். எவரிடமேனும் யோசனை இருந்தால் எழுத்தில் தரலாம் என்று முடிவில் ஒப்புக்குச் சொன்னார். பரிமாறும் மேசையில் நிற்கும் ஹைக்கெ என்னும் பெண் மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கதிர்காமநாதன் அன்று வீட்டுக்கு வந்தபோது யோகம் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முறை உண்மையாத்தானாம்" என்றார்.

"என்னது?"

"கிச்சினை மூடப் போறாங்களாம். கோடைக்குள்ள."

நீராவி பறக்கும் பிட்டுக் குழலை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ஆர் சொன்னது? ஹைக்கெயோ மேஜரோ?"

"மேஜர்தான். காசும் தந்துதான் அனுப்புவாங்களாம்."

"முருகா!" என்றாள். விரல் சுட்டபின்தான் குழலைக் கீழே வைத்தாள். "இஞ்சருங்கோ, நல்ல சேதியைக் கொண்டுவந்து வச்சிட்டு ஏன் முகத்தை இப்பிடித் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறியள்? இதென்ன செத்தவீடோ?"

"உமக்கு உது விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. அங்க உங்களைக் 'கேத்தி, கேத்தி' எண்டு பொம்பிளைப் பேர் சொல்லியாவது கூப்பிட ஆக்கள் இருக்கு. இஞ்ச எங்கட வாசல் பெல்லை அமத்த ஒரு நாய் பேயும் இல்லை."

அவள் விரலைத் தண்ணீரில் நனைத்தவாறே மகளுக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டைப் பிடித்துவைக்கச் சொன்னாள். பிறகு சம்பலுக்கு இரண்டு மிளகாய் கூடுதலாக இடித்தாள். மகிழ்ச்சியான நாள்களில் அவளுக்குக் கை அப்படித்தான் போகும்.

கதிர்காமநாதனுடைய மனமோ மேஜர் ஒப்புக்குச் சொன்ன அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றிக்கொண்டு நின்றது. எழுத்தில் தரலாம். இருபத்தொன்பது ஆண்டுகளில் அம்முகாமில் எவரும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. உப்புப் போதுமா என்றுகூடக் கேட்டதில்லை. அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த மாவட்ட அரசு அலுவலகத்தில், எழுதுவினைஞராய் இருந்தவர். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவதில் பெயர்பெற்றவர். வெள்ளையர் ஆண்ட நாளில் இலங்கையில் நின்ற பட்டாளத்தின் செலவில் ஒரு பெரும்பங்கை இலங்கைச் சனத்தின் வரிப்பணமே தாங்கியதையும், அதைக் குறைப்பது எப்படி, யார் எவ்வளவு கட்டுவது என்று கொழும்புக்கும் இலண்டனுக்கும் இடையே ஆண்டாண்டாய்க் கடிதங்கள் போய்வந்ததையும் அவர் மகனுக்குக் கதைபோலச் சொல்வார். "வெள்ளைக்காரனிட்ட நியாயம் கதைச்சால் கேக்கமாட்டான். செலவு குறையும் எண்டு சொல்லிப் பார், இருக்கக் கதிரை தருவான்" என்பார்.

மேஜர் பேசிய நாள்முதல் கதிர்காமநாதன் மாலைதோறும் மேசையில் அமர்ந்து எழுதலானார். காட்டின் இந்தப் பக்கத்தில் பிரித்தானியரும் அந்தப் பக்கத்தில், நான்கு கிலோமீற்றருக்கு அப்பால், ஜெர்மன் படையினரும் தனித்தனியே அடுப்பு மூட்டுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம்கள் பாதி வெறுமையாய் இருந்தும் இரண்டு கொதிகலன்கள் எரிகின்றன. ஒரு ஞாயிறு இங்கும் மறு ஞாயிறு அங்குமாய்ச் சமைத்து இரு சாராரும் உண்ணலாம். மரக்கறி வாங்குவதையும் பாத்திரம் கழுவுவதையும் இரு முகாம்களும் பகிரலாம். ஒருவரையும் வேலையிலிருந்து நீக்காமல் எல்லாருடைய மணித்தியாலங்களிலும் சிறிது சிறிதாய்க் குறைக்கலாம். சமைக்கிறவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய இவ்விவரங்களை அவர் தகப்பனாரின் கச்சேரி ஆங்கிலத்தில், தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று முடியும் விண்ணப்பமாய், மூன்று முறை திருத்தி எழுதினார்.

"என்ன எழுதுறியள்?" என்று முதல் நாளே யோகம் கேட்டாள்.

"ரென்டெ அன்ட்ராக்" என்றார். ஓய்வூதியத்துக்கான விண்ணப்பம். அவர் வாயிலிருந்து அப்பொய் தயங்காமல் வந்தது.

"அது இவ்வளவு பக்கமோ?"

"ஜெர்மன்காரன்ர போர்ம் எல்லே."

அவள் நம்பினாள். ஒவ்வொரு மாலையும் இஞ்சித் தேநீர் வைத்துக் கொடுத்தாள். மேசை விளக்கைக் கிட்ட இழுத்து வைத்தாள். தொலைக்காட்சியின் ஓசையைக் குறைத்தாள். எழுதியது பதினொரு பக்கம் ஆயிற்று. யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, அதை அவர் மேஜரின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை முகாமில் பகல் விருந்துக்குக் குடும்பத்தோடு வருமாறு அழைப்பு வந்தது. அது பிரிவுபசார விருந்து என்று யோகம் கருதினாள். அன்று என்ன நடக்கவிருந்தது என்பதை மேஜர் வெள்ளிக்கிழமையே கதிர்காமநாதனிடம் கைகுலுக்கிச் சொல்லியிருந்தார். அவர் அதனை மனைவியிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தார். மூன்று தடவையும் அவள் பயற்றம் பணியாரத்துக்கு மாவைப் பதம்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகேக்க வெறுங்கையோட போகக் கூடாது. இத்தினை வருசம் சோறு போட்ட இடம்" என்றாள். எழுபது பணியாரம் சுட்டாள்.

மகளின் திருமணத்துக்கு எடுத்த ஊதாநிறப் பட்டுச்சேலையின்மேல் தடித்த குளிர்மேலங்கியை அணிந்து, அவள் அந்த மதிலுக்கு உள்ளே முதன்முறையாகப் போனாள். உணவு மண்டபத்தில் பிரித்தானியச் சிப்பாய்களுக்கிடையே ஜெர்மன் சிப்பாய்களும் அமர்ந்திருந்தனர். மேஜர் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் படித்த யோகத்துக்கு அவ்வளவும் விளங்கிற்று. சமையற்கூடம் மூடப்படமாட்டாது. இரு படைகளும் அடுப்பையும் செலவையும் பகிர்ந்துகொள்ளும். தாம் பல ஆண்டுகளில் வாசித்த மிகச் சிறந்த அறிக்கை இந்தச் சமையற்கூடத்திலிருந்தே வந்தது என்று கூறி, அவர் அந்தப் பதினொரு பக்கங்களையும் உயர்த்திக் காட்டினார். இன்னும் நான்கு ஆண்டுகள், ஓய்வுபெறும் வயது வரும்வரை, அதை எழுதியவர் இங்கேயே இருப்பார் என்றார்.

"கேத்தி!" என்று பிஜிச் சிப்பாய்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தனர்.

யோகம் தூரத்திலிருந்தே கையெழுத்தைக் கண்டுகொண்டாள். சாய்ந்த, நெருக்கமான, கச்சேரிக் கையெழுத்து. அவள் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹைக்கெ ஓடிவந்து அவளைக் கட்டியணைத்து, உன் கணவரால்தான் எங்களுக்கு வேலை மிஞ்சிற்று என்று ஜெர்மன் மொழியில் சொல்லி அழுதாள்.

"டங்க" என்றாள் யோகம்.

பிறகு பணியாரப் பெட்டியைத் திறந்து, மேசை மேசையாய்ச் சென்று ஒவ்வொருவருக்கும் ஒன்றாய்க் கொடுத்தாள். பெட்டி வெறுமையாகும்வரை அவள் அமரவில்லை.

திரும்பி நடக்கையில் மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. அவள் சேலைக்கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

"பதினொரு பக்கம்" என்றாள்.

"யோகம், கொஞ்சம் மெல்ல நடவும். வழுக்கும்."

"ரென்டெ அன்ட்ராக் எண்டு சொன்னியள். நான் இஞ்சித் தேத்தண்ணி வச்சுத் தந்தன்."

"ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

"பொய். வாசிக்கவேணும் எண்டுதான் மூண்டுதரம் திருப்பித் திருப்பி எழுதினியள்."

அவர் எட்டி நடந்து அவளுக்குப் பக்கத்தில் வந்தார். "இருபத்தொன்பது வருசத்தில என்னட்டை ஒரு கேள்வி கேட்டவங்கள், யோகம். ஒரே ஒரு கேள்வி."

"நானுந்தான் கேட்டனான். எப்ப போவம் எண்டு வருசா வருசம் கேட்டனான். அதுக்குப் பதினொரு பக்கம் தேவையில்லை. ஒரு வரி காணும்."

"ஒருத்தருக்கும் வேலை போகேல்லை, பாரும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறையுது. ஜெர்மன்காரன் ஒரு பங்கு எடுக்கிறான். ஆருக்கும் பாரமில்லாமல் பிரிச்சிருக்கு."

யோகம் நின்றாள். மதிலின் மேலிருந்த முட்கம்பியில் பனித்துளிகள் தொங்கின.

"ஆருக்கும் பாரமில்லை" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். "மாமா சொல்லுவார் எல்லே, வெள்ளைக்காரப் பட்டாளத்தின்ர செலவைச் சிலோன் சனம் கட்டினது எண்டு. அதுகளுக்குத் தாங்கள் கட்டுறம் எண்டாவது தெரியும். நீங்கள் என்ர பங்கை எனக்குத் தெரியாமல் எழுதிக் குடுத்திட்டியள்."

"இப்ப நானா விட்டால் ஒரு சதமும் தரமாட்டாங்கள். நாலு வருசந்தானே? பேந்து போவம்."

"நாலு வருசமும் நான் கோப்பை கிணுகிணுக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்கவோ?"

அவள் வீதியைக் கடந்து போனாள்.

மறுநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது அலுமாரி திறந்து கிடந்தது. யோகம் கம்பளிச் சட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டை நான் எடுக்கிறன்" என்றாள். "தக்சியிட்டச் சொல்லிப்போட்டன். நாளைக்குக் கையெழுத்து."

"ரெண்டு வீட்டு வாடகை எப்பிடிக் கட்டுறது?"

"நான் அங்க அக்கம்பக்கத்துப் பிள்ளையளைக் காசுக்குப் பாத்துக்கொள்ளுவன். கோயில் மடப்பள்ளிக்கு ஒரு ஆள் வேணுமாம், அதையும் கேட்டிருக்கு. மிச்சத்துக்கு நீங்கள் இருந்து ஒரு யோசனை எழுதுங்கோ. செலவைப் பங்குபோடுறதில உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"கோவத்திலயோ போறீர்?"

"கோவம் நேற்றோட முடிஞ்சுது. எனக்குக் கதைக்க ஆள் வேணும், அவ்வளவுதான்." அவருடைய கம்பளிச் சட்டையொன்று தவறி அவளுடைய குவியலில் கிடந்தது. அதை எடுத்து மடித்து மற்றதில் வைத்தாள். "குளிசையள் மேல் தட்டில இருக்கு. வெள்ளை விடிய, மஞ்சள் பின்னேரம். மாறிப் போட்டிடாதேங்கோ."

பெப்ரவரி முதல் நாள் மருமகன் சிற்றுந்தோடு வந்து அவளையும் பொருள்களையும் ஏற்றிப் போனான். அதன்பின் கதிர்காமநாதனுக்கு வேலை எளிதாயிற்று, வீடுதான் கடினமாயிற்று. மூன்று மணிக்கு வந்து உறங்கிப் பார்த்தார், உறக்கம் வரவில்லை. உறங்குகிற மனிதனுக்கும் அடுத்த அறையில் ஒருத்தி நடமாடும் ஓசை வேண்டியிருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. சமையற்கூடத்தில் ஹைக்கெ அவருக்குத் தினமும் ஒரு பெட்டியில் உணவு கட்டிக் கொடுத்தாள். அதை அவர் நின்றபடியே குளிராக உண்டார். யோகத்தோடு நாளும் தொலைபேசியில் பேசினார். "சாப்பிட்டியளோ?" என்று கேட்பாள். "ஓம்" என்பார். பின்னால் யாரேனும் அவளைக் கூப்பிடும் குரல் கேட்கும். "வைக்கிறன், என்ன?" என்பாள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, அவருடைய திட்டத்தின்படி, சமையல் ஜெர்மன் பக்கத்தில் நடந்தது. இருபத்தொன்பது ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த முதல் ஞாயிற்று ஓய்வு. காலை ரயிலில் டோர்ட்மண்டுக்குப் புறப்பட்டார். சன்னலுக்கு வெளியே உழுத வயல்கள் பனிக்கடியில் கிடந்தன. வழி நெடுக அவர் ஒரு வாக்கியத்தை மனத்துள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நீர் ஒரு சொல்லுச் சொல்லும், நான் நாளைக்கே விட்டிட்டு வாறன். காசு போனால் போகட்டும். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம் எழுதியவருக்குத் தமிழில் அந்த இரண்டு வரி சரியாய் அமையவில்லை. ஒருமுறை அது இரப்பதுபோல் இருந்தது. ஒருமுறை அதட்டுவதுபோல் இருந்தது.

கீழ்த்தளத்து வீட்டின் கதவுக்கு வெளியே ஏழெட்டுச் சோடிச் செருப்பும் சப்பாத்தும் கிடந்தன. மணியை அமுக்கக் கையெடுத்தவர், உள்ளே கேட்ட குரலால் நின்றார். யோகம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். குரலை ஏற்றியும் இறக்கியும், யாரோ ஒருத்தியைப்போல் மூக்கால் பேசிக்காட்டியும் சொன்னாள். பெண்கள் சிரித்தனர். "அக்கா, விடுங்கோ, வயிறு நோகுது" என்றாள் ஒருத்தி. யோகத்தின் அந்தக் கதை சொல்லும் குரலைக் கதிர்காமநாதன் கேட்டு ஒன்பது ஆண்டுகளாயிருந்தன. கதை முடியும்வரை அவர் மணியை அமுக்கவில்லை.

கதவைத் திறந்தவள் யோகந்தான். சிரிப்பில் கண் கசிந்திருந்தது. "வாங்கோ, வாங்கோ" என்றாள். பின்னாலிருந்த பெண்கள் சட்டென அடங்கி, சேலைத்தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தனர். ஒருத்தி அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். மற்றொருத்தி தட்டு எடுக்க உள்ளே போனாள்.

"மெலிஞ்சு போனியள்" என்றாள் யோகம், அவருடைய மேலங்கியை வாங்கியபடி. "குளிசை ஒழுங்கா எடுக்கிறியளோ?"

"ஓம்."

"இருங்கோ, கத்தரிக்காய்க் கறி இருக்கு. மடப்பள்ளியில படிச்ச மாதிரி, வெங்காயமில்லாமல்." சமையலறைக்குத் திரும்பியவள் வாசலிலேயே நின்றாள். "திரும்பிப் போற ரயில் எத்தினை மணிக்கு?"

அவர் அப்பொழுதுதான் ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றியிருந்தார். ரயிலில் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாவின் நுனியில் வந்து நின்றது. பெண்கள் யாவரும், கதையை எங்கே விட்டோம் என்ற நினைவு கலையாத முகத்தோடு, அவர் உண்டு முடிப்பதற்காக மரியாதையாய்க் காத்து நின்றனர்.

"மூண்டு பத்துக்கு" என்றார்.

ஏழு பத்துக்கும் ஒரு ரயில் இருந்தது.